கெயினைக் குறைத்த இரவு

மொட்டை மாடியில், அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி ஒரு ஹார்ன் ஆன்டெனா செய்தேன். பால்வீதியின் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னலைப் பிடிக்க வேண்டும். முதல் இரவு ஒன்றும் வரவில்லை. நம்மாட்கள் வழக்கப்படி ஆம்ப்ளிஃபையரின் கெயினை முழுசாகத் திருகினேன். திரை முழுக்க முகடுகள்! எல்லாம் பக்கத்து செல்போன் டவரின் கைங்கரியம்.

ஆம்ப்ளிஃபையருக்கு எது சிக்னல், எது இரைச்சல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும், போதாததற்குத் தன் இரைச்சலையும் கலக்கும். கெயினை 3 டெசிபல் ஏற்றினால் திரையின் அடிக்கோடும் 3 டெசிபல் ஏறணும். ஏறவில்லை என்றால் கருவி திணறுகிறது என்று அர்த்தம். ரொம்பக் குறைத்தாலோ, ரிசீவரின் சொந்த இரைச்சலிலேயே வானம் மூழ்கிவிடும்.

அன்றைக்கு எனக்கு குரோட் ரீபர் நினைவுக்கு வந்தார். விண்வெளியிலிருந்து ரேடியோ அலைகள் வருவதை கார்ல் ஜான்ஸ்கி 1933இல் அறிவித்தபோது, வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோ அருகே வீட்டனில் வசித்த ரீபர் கண்டுகொண்டார். பகலில் ரேடியோ கம்பெனி வேலை. 1937இல் சொந்தக் காசில், வீட்டுக் கொல்லையில் 31 அடி விட்டமுள்ள டிஷ் ஒன்றைக் கட்டினார்.

அந்த அலைகள் வெப்பத்தால் வருபவை என்றால் அதிர்வெண் கூடக்கூட வலுக்க வேண்டும். அதனால் 3300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கினார். ஒன்றுமில்லை. ரிசீவரை மாற்றி 900. அதிலும் ஒன்றுமில்லை. இங்கேதான் விஷயம். 'கருவி போதாது' என்று கெயினோடு மட்டும் மல்லுக்கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் எதிர்த்திசையில், 160க்கு இறங்கினார். கார் எஞ்சின்களின் தீப்பொறி இரைச்சல் அடங்கிய பின்னிரவுகளில் பால்வீதி கேட்டது.

அந்த இரண்டு மௌனங்களும் தோல்வி அல்ல, தரவு. அந்த அலைகள் வெப்பத்தால் வருபவை அல்ல என்பதை முதலில் சொன்னவை அவைதான். காந்தப்புலத்தில் ஒளிவேகத்தை நெருங்கிச் சுழலும் எலெக்ட்ரான்கள்தான் காரணம் என்ற விளக்கம் 1950 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன்பே, 1944இல், ரீபர் வானின் ரேடியோ வரைபடத்தை வெளியிட்டிருந்தார். அதே ஆண்டுதான் ஜான்ஸ்கியின் மேலதிகாரி ஹரால்ட் ஃப்ரீஸ், ஒரு ரிசீவரின் இரைச்சலைப் பெரும்பாலும் முதல் ஆம்ப்ளிஃபையரே தீர்மானிக்கிறது என்பதைச் சூத்திரமாக்கினார்.

நானும் ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனாவின் வாயிலேயே மாட்டினேன், முன்னால் ஒரு ஃபில்டர் வைத்தேன், கெயினைப் படிப்படியாக இறக்கினேன். ஆன்டெனாவைத் தரைப்பக்கம் சாய்த்தால் அடிக்கோடு ஏறியது, வானத்துக்குத் திருப்பினால் இறங்கியது. அப்படியானால் காது வேலை செய்கிறது. இனி கேட்காவிட்டால் அதுவும் பதில்தான். கால் மணி நேரம் சராசரி எடுத்தபின், 1420க்கு அருகே சின்னதாக ஒரு மேடு எழும்பியது.