மேடு எழுப்பியவரும் சூனிய வழக்குகளும்
ரெஜினால்டு ஸ்காட்டின் இரு நூல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபையின் வரலாற்றைக் கற்பிக்குங்கால் நாம் பெரும்பாலும் பேரவைகளையும், விசுவாச அறிக்கைகளையும், பேராயர்களையும் பற்றியே பேசுகிறோம். ஆயினும் சபையின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியவர்களுள் சிலர் பிரசங்க பீடத்தில் நின்றவர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டின் கென்ட் மாவட்டத்தில் வாழ்ந்த ரெஜினால்டு ஸ்காட் அத்தகையோருள் ஒருவர். அவர் குருவானவர் அல்லர். இறையியலில் பட்டம் பெற்றவரும் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் சிறிது காலம் பயின்று, பட்டம் பெறாமலே ஊர் திரும்பி, ஸ்மீத் என்னும் சிற்றூரில் தம் உறவினரின் நிலங்களைக் கவனித்து வாழ்ந்தவர். அவர் முக்கியமாக இரண்டு நூல்களை எழுதினார். முதலாவது, வீட்டுத் தோட்டத்தில் மண்மேடு எழுப்பி ஹாப்ஸ் கொடி வளர்க்கும் முறையைப் பற்றியது. மற்றொன்று, சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஏழை மூதாட்டிகளுக்காக வாதாடியது. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோல் தோன்றும் இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஹாப்ஸ் கொடியும் கிறிஸ்தவ மடங்களும்

ஹாப்ஸ் என்பது குளிர்நாடுகளில் வளரும் ஒரு கொடி. குளிர்காலத்தில் தண்டு பட்டுப்போகும். வேர் மண்ணுக்குள் உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். ஆண் கொடியும் பெண் கொடியும் வெவ்வேறானவை. பெண் கொடியில் தோன்றும் கூம்பு போன்ற பூங்கொத்துகளில் மஞ்சள் நிறமான ஒரு பிசின் பொடி உண்டு. அதன் கசப்பே பீர் என்னும் பானத்திற்குச் சுவையளித்து, அது விரைவில் புளித்துக் கெடாதபடி காக்கிறது.

இக்கொடியின் வரலாறு மடங்களின் வரலாற்றோடு பின்னியது. 822ஆம் ஆண்டில் கோர்பி மடத்தின் தலைவராகிய அடல்ஹார்டு வகுத்த விதிமுறைகளில் ஹாப்ஸ் குறிப்பிடப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கனைச் சேர்ந்த ஹில்டகார்டு அம்மையார், பானங்களைக் கெடாமல் காக்கும் அதன் இயல்பை எழுதி வைத்தார். மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டும் வழக்கமும் மடங்களில் பழமையானதே. ஒன்பதாம் நூற்றாண்டில் ரைகெனாவ் மடத்து வாலாஃபிரிட் ஸ்டிராபோ, பலகைகளால் வரம்பிட்டு உயர்த்திய பாத்திகளைத் தம் தோட்டக் கவிதையில் விவரித்துள்ளார். அவர் பாடிய செடிகளுள் ஹாப்ஸ் இல்லை எனினும், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமலிருக்க அவர் கையாண்ட நெறி பிற்கால ஹாப்ஸ் தோட்டத்திற்கும் பொருந்துவதாகும்.

இவற்றைக் கூறுவதால் நாம் மதுபானத்தைப் பரிந்துரைக்கிறோம் என்று எவரும் கருத வேண்டுவதில்லை. அக்காலத்து வட ஐரோப்பிய இல்லங்களில் மென்மையான பீர் அன்றாட உணவின் ஒரு பகுதியாயிருந்தது. அதை வடித்தெடுப்பது பெரும்பாலும் இல்லத்தரசியின் வேலை. விட்டன்பர்கில் லூத்தரின் மனைவியாராகிய கத்தரீனா அம்மையாரும் தம் இல்லத்துக்கு வேண்டிய பீரைத் தாமே வடித்தார். இப்பின்னணியை மனத்திற் கொண்டாலன்றி, ஸ்காட்டின் முதல் நூலையோ இரண்டாம் நூலையோ சரிவர விளங்கிக்கொள்ள இயலாது.

2. 1574ஆம் ஆண்டின் தோட்ட நூல்

இங்கிலாந்து மக்கள் நெடுங்காலம் ஹாப்ஸ் சேராத ‘ஏல்’ என்னும் பானத்தையே அருந்தி வந்தனர். ஹாப்ஸ் சேர்ந்த பீர் கடல் கடந்து நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கென்ட் மாவட்டத்தில் அக்கொடியைப் பயிரிடத் தொடங்கினர். ஆனால் அதைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றும் இருக்கவில்லை. அக்குறையை 1574இல் ஸ்காட் நிறைவு செய்தார். ‘ஹாப்ஸ் தோட்டத்திற்கு ஒரு நிறைவான திட்டம்’ என்று பொருள்படும் அச்சிறு நூல் 1576இலும் 1578இலும் மீண்டும் அச்சேறியது.

நூலின் மையம் மண்மேடுதான். ஹாப்ஸ் வேர் ஆழமாகச் செல்வது; ஈரத்தை விரும்புவது; ஆனால் நீர் தேங்கினால் அழுகிப்போவது. ஆகவே நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி, சம இடைவெளியில் குழியிட்டு, நல்ல தோட்டத்திலிருந்து பெற்ற வேர்த்துண்டுகளை நட வேண்டும். கொடி கிளம்பியதும் கழிகளை நாட்டி, இளந்தண்டுகளை மெல்லக் கட்டிவிட வேண்டும். ஹாப்ஸ் கொடி எப்போதும் ஒரே திசையில், சூரியன் செல்லும் வழியே சுற்றிக்கொண்டு ஏறும். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் தானே அவிழ்ந்துகொள்ளும். அதன்பின் கோடைமுழுதும் மண்ணை வெட்டிக் கொடியின் அடியில் அணைத்து அணைத்து மேட்டை உயர்த்த வேண்டும். மறுவசந்தத்தில் மேட்டைத் திறந்து, பழைய தண்டுகளை அறுத்து, மீண்டும் மூட வேண்டும். ஒரு முறை கட்டிவிட்டால் முடிந்தது என்பதன்று. ஆண்டுதோறும் கலைத்துக் கட்டும் மேடு அது. இன்று மேலைநாடுகளில் வீட்டுக்கொல்லையில் பலகை வரம்பிட்டு மண்ணை உயர்த்தி ஹாப்ஸ் வளர்ப்போர் கைக்கொள்ளுவதும் இதே நெறியே.

நூலின் போக்கில் இரண்டு இயல்புகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, அவர் கேள்விப்பட்டதை விடுத்து, கண்டதையும் அளந்ததையும் எழுதுகிறார். பிளாண்டர்ஸ் நாட்டுப் போப்பரிங்கே ஊரில் ஹாப்ஸ் உலர்த்தும் சூளையின் அமைப்பை விவரிக்கிறார். ஒரு புஷல் மால்ட்டிலிருந்து எட்டு அல்லது ஒன்பது காலன் ஏல் கிடைக்குமிடத்து, ஹாப்ஸ் சேர்த்தால் பதினெட்டு முதல் இருபது காலன் நல்ல பீர் கிடைக்கும் என்று கணக்குக் காட்டுகிறார். மற்றொன்று, அவர் எளியோரை மனத்திற் கொண்டு எழுதுகிறார். எழுத்தறியாதவனும் கண்டு செய்யும்படி ஒவ்வொரு வேலைக்கும் மரச்செதுக்குப் படங்களைச் சேர்த்திருக்கிறார்.

3. வாசலில் நின்ற மூதாட்டிகள்

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1584இல், சூனிய வித்தையின் பொய்ம்மையை வெளிப்படுத்தும் பெருநூலை ஸ்காட் வெளியிட்டார். அது பதினாறு பகுதிகளைக் கொண்டது. 1563இல் எலிசபெத் அரசியாரின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், சூனியத்தால் ஒருவரைக் கொன்றதாகத் தீர்ப்பாகுமிடத்து மரண தண்டனை விதித்தது. 1582இல் எசெக்ஸ் மாவட்டத்துச் செயின்ட் ஓசித் என்னும் ஊரில் நிகழ்ந்த விசாரணைகள் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தன.

குற்றஞ்சாட்டப்படுவோர் யார்? இக்கேள்விக்கு ஸ்காட் தரும் விடை இன்றும் நெஞ்சை உறுத்துவது. அவர்கள் பெரும்பாலும் முதிர்ந்த, முடமான, வறிய பெண்கள். வீடு வீடாகச் சென்று ஒரு சட்டி பால், சிறிது ஈஸ்ட், ஒரு வாய்ப் பானம், கொஞ்சம் கூழ் என்று கேட்டு உயிர் வாழ்பவர்கள். அண்டை வீட்டார் ‘இல்லை’ என்று கதவைச் சாத்துகின்றனர். மூதாட்டி முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். சில நாள் கழித்து அவ்வீட்டில் கன்று சாகிறது, அல்லது குழந்தை நோயுறுகிறது. உடனே அவளுடைய முணுமுணுப்பு நினைவுக்கு வருகிறது. கொடுக்க மறுத்தவனின் உறுத்தலே குற்றச்சாட்டாக உருமாறுவதை ஸ்காட் இவ்வாறு நமக்குக் காட்டுகிறார். அவளுக்கு மறுக்கப்பட்டவை ஈஸ்டும் பானமுமாக இருந்ததைக் கவனியுங்கள். எந்த இல்லத்துப் பானைகள் நிறையும்படி அவர் முதல் நூலை எழுதினாரோ, அந்த இல்லத்தின் வாசலில் வெறுங்கையோடு திரும்பியவளையே இரண்டாம் நூலில் காண்கிறோம்.

4. பிரெஞ்ச்லி குருவானவரின் வழக்கு

1581இல் ராச்செஸ்டர் நகர நீதிமன்றத்தில் மார்கரெட் சைமன்ஸ் என்ற பெண் நிறுத்தப்பட்டாள். அவள்மேல் குற்றஞ்சாட்டியவர் அவளுடைய ஊராகிய பிரெஞ்ச்லியின் குருவானவரான ஜான் ஃபெரல். அவருடைய மகன் அவள் வீட்டைக் கடக்கையில் அவளுடைய நாய் குரைத்தது. சிறுவன் கத்தியை உருவிக்கொண்டு நாயை விரட்டினான். அவள் அவனைக் கடிந்துகொண்டாள். சில நாட்களில் அவன் நோயுற்றான். இதுவே முதல் குற்றச்சாட்டு. ஆராதனை நடத்தும்போது தம் குரல் அடைத்துக்கொள்வதும் இவளுடைய சூனியத்தாலேயே என்று குருவானவர் மேலும் கூறினார்.

ஸ்காட் அவளிடமே சென்று பேசினார். சபையார் பலரையும் விசாரித்தார். குரலடைப்புக்குக் காரணம் வேறொரு இழிந்த நோய் என்று ஊரார் ஐயுற்றதையும், அவ்வையத்தைப் போக்க அவர் நுரையீரல் நோய் என்று லண்டன் மருத்துவரிடம் சான்று பெற்று ஆலயத்தில் காட்ட நேர்ந்ததையும் பதிவு செய்தார். தம் வாயாலேயே நோயென்று ஒப்புக்கொண்டதை அவர் ஒரு பெண்ணின் தலைமேல் சுமத்தியிருந்தார். நல்வாய்ப்பாக நடுவர்கள் அவளை விடுவித்தனர். மந்தையைக் காக்க வேண்டிய மேய்ப்பனே ஆட்டின்மேல் குற்றஞ்சாட்டிய இவ்வழக்கை இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

5. செலிஞ் ஊர்க் குடியானவர்

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியையும் ஸ்காட் எழுதுகிறார். ஸ்மீத்துக்கு அருகிலுள்ள செலிஞ் என்னும் ஊரில் சைமன் டேவி என்ற குடியானவர் இருந்தார். அவருடைய மனைவி ஏட் திடீரென உறக்கமின்றித் துயரத்தில் மூழ்கினாள். நெடுநாள் வற்புறுத்தியபின், தன் ஆத்துமாவைப் பிசாசுக்கு விற்றுவிட்டதாகவும், கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சூனியம் செய்துவிட்டதாகவும் அழுது கூறினாள். அக்காலத்தில் இத்தகைய வாக்குமூலம் ஒருத்தியைத் தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமானது.

சைமன் நீதிபதியிடம் ஓடவில்லை. அவள் விற்றது அவளுக்குச் சொந்தமானதன்று, அது தம் இரத்தத்தைக் கிரயமாகச் செலுத்திய கிறிஸ்துவுக்குரியது, ஆகவே அவ்வுடன்படிக்கை செல்லாது என்பதே அவர் கூறிய தேறுதலின் சாரம். தானும் பிள்ளைகளும் நலமாயிருப்பதையும் சுட்டிக்காட்டினார். பிசாசு வருவான் என்று அவள் அஞ்சிய இரவில் இருவரும் விழித்திருந்து ஜெபித்தனர். சாளரத்தின்கீழ் பேரொலி எழுந்தது, இருவரும் திகைத்தனர். விடிந்தபின் பார்த்தால், சுவரோரம் தொங்கவிட்டிருந்த தோலுரித்த ஆட்டை நாய் ஒன்று தின்ற ஓசைதான் அது! அப்பெண் நலம் பெற்று, தன் கற்பனைகளைக் குறித்து நாணி, நல்வாழ்வு வாழ்ந்தாள்.

மீட்பின் உபதேசத்தை இதைவிடச் செம்மையாக எந்தப் போதகர் பயன்படுத்தியிருப்பார்? மனநோயால் வாடும் ஒருத்திக்கு முன் சைமன் செய்தவை மூன்று: அவளைக் கைவிடாமல் உடனிருந்தார்; கிறிஸ்துவின் கிரயத்தை நினைவூட்டினார்; ஓசையின் காரணத்தைப் பார்த்தறிந்தார்.

6. வேதவிளக்கமும் எதிர்ப்பும்

ஸ்காட்டின் இறையியல் அடிப்படை தேவ பராமரிப்பு என்னும் கோட்பாடே. இடியும் புயலும் கர்த்தருடைய கரத்தில் உள்ளவை. அவற்றை ஒரு கிழவியின் கையில் கொடுப்பது தேவனுக்குரிய மகிமையைப் படைப்புக்குக் கொடுப்பதாகும் என்று அவர் வாதாடினார். யாத்திராகமம் 22:18இல் வரும் எபிரேயச் சொல் நஞ்சிடுவோரைக் குறிப்பது என்று, 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் யோகான் வையரைப் பின்பற்றிக் கூறினார். இன்றைய எபிரேய அறிஞர் பலர் இப்பொருளை ஏற்பதில்லை. 1 சாமுவேல் 28ஆம் அதிகாரத்து எந்தோர்ப் பெண்ணின் செயலை அவர் வெறும் ஏமாற்று என்று கொண்டதும் விவாதத்திற்குரியதே. அன்றியும், எதிராளிகளை அவர் ஏளனம் செய்யும் இடங்களில் நடை கடுமையாகிவிடுகிறது. இக்குறைகளை மறைக்க வேண்டுவதில்லை.

எதிர்ப்பு விரைவில் எழுந்தது. ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஸ்காட்டையும் வையரையும் பெயர் சொல்லி மறுத்தார். ஸ்காட் 1599இல் காலமானார். ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணை ஏறியபின், 1604இல் சூனியச் சட்டம் மேலும் கடுமையாயிற்று. எனினும் நூல் மடியவில்லை. 1609இல் டச்சு மொழியிலும், 1651இலும் 1665இலும் ஆங்கிலத்திலும் மீண்டும் வெளிவந்தது. இறுதியில் 1736இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் புதிய சட்டம் பழைய சூனியச் சட்டங்களை நீக்கியது. ஸ்காட் எழுதி நூற்றைம்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

7. நமக்குரிய படிப்பினை

ஹாப்ஸ் நூலும் சூனிய நூலும் ஒரே கண்ணால் எழுதப்பட்டவை என்பது நம் துணிபு. கொடி வாடினால் அவ்வுழவர் மேட்டைத் திறந்து வேரைப் பார்த்தார். அவ்வாறே, ஒரு குற்றச்சாட்டு எழுந்தபோதும் அதன் மேல்மண்ணை விலக்கி, வேரில் இருந்த வறுமையையும், மறுக்கப்பட்ட பிச்சையையும், மனநோயையும் கண்டார். காரணத்தைத் தேடுவது விசுவாசத்திற்குப் பகையன்று. தேவன் தம் படைப்பை ஒழுங்கோடு நடத்துகிறார் என்று நம்புகிறவனே பொறுமையோடு அக்காரணத்தைத் தேடுவான்.

இது கடல் கடந்த பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் நாட்டிலேயே பெண்களைச் சூனியக்காரிகள் என்று முத்திரையிட்டுத் துன்புறுத்துவதைத் தடுக்க, பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. நம் சபைகளிலும் நோயோ நஷ்டமோ நேர்ந்தால் ‘யார் செய்தது?’ என்ற கேள்வி போதகரிடம் வருவதுண்டு. அவ்வேளையில் அவர் கூறும் ஒரு சொல், அண்டை வீட்டு விதவை ஒருத்தியின் வாழ்வைக் காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும். பிரெஞ்ச்லி குருவானவரின் வழியும் செலிஞ் குடியானவரின் வழியும் நம்முன் உள்ளன. அக்குடியானவரின் வழியைத் தெரிந்துகொள்ளக் கர்த்தர் தம் ஊழியருக்கு ஞானம் அருள்வாராக.