ஆக்ஸ்போர்டிற் பதிப்பித்த திருவாசகம்

திருவாசகத்தின் பொருள் இவரே எனக் கூத்தப்பிரானைச் சுட்டி மணிவாசகப் பெருமான் இரண்டறக் கலந்தருளிய பதி தில்லை என்பர். அந்நூலை ஜி. யு. போப்பையர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தமிழ் மூலத்துடன் 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்; அச்சிட்டது ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் கிளாரண்டன் அச்சுக்கூடம். 1897-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொடங்கிய சித்தாந்த தீபிகை, போப்பையரின் உழைப்பை நம்மவர்க்கு அறிவித்தது. பாதிரியாராகிய அவர் சைவ சித்தாந்தத்தை இந்தியச் சமயங்களுள் மிக்க மதிப்புடையதெனப் பாராட்டியதை மேடைதோறும் எடுத்தோதுவர். அவர் நம் கொள்கையோடு மாறுபடும் இடங்களை ஆராய்ந்து விடையிறுப்பார் அரியர்.

பிற்காலப் பத்திரிகைகளோ நூலை விடுத்து, அவர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' எனப் பொறித்துள்ளதென்னும் கதையையே பெரிதும் பரப்பின. 1908-இல் மறைந்த அப்பெரியாரின் கல்லில் அச்சொற்கள் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பர்களும் சேர்ந்து நாட்டியது என்னும் செய்தி உளது. இது கதையினும் இனிதன்றோ!