கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?

பாரிசவாதம் என்றால் எண்ணெய் தடவிப் படுக்க வைத்து, விடியட்டும் என்று காத்திருந்தவர்கள் நாம். நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. வைத்தியர்களிடமும் அப்போது அவசரமாகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

1995இல் அமெரிக்க ஆய்வொன்று, மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 3 மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் பலனுண்டு என்று காட்டியது. (பின்னர் அது நாலரை மணித்தியாலமானது.) அதன் பிறகுதான் அம்பியூலன்ஸில் வருபவரே நோயைக் கண்டுபிடிப்பது பெரிய விசயமானது. 1997இல் சின்சினாட்டி வைத்தியர்கள், ஆஸ்பத்திரியில் செய்யும் நீண்ட பரிசோதனையை மூன்றாகச் சுருக்கினார்கள். பல் தெரியச் சிரிக்கச் சொல்வது, கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்வது, ஒரு வசனம் சொல்ல வைப்பது. வாய் கோணுவது, ஒரு கை இறங்குவது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்றிருந்தாலே சந்தேகம்தான். லொஸ் ஏஞ்சல்ஸில் இரத்தத்தில் சீனி பார்ப்பதையும் சேர்த்தார்கள். சீனி குறைந்தாலும் இதே மாதிரித்தான் தெரியும். சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மூரில் ஏது!

நமது நாட்டில் 1990 சுவசெரிய 2016இல்தான் ஓடத் தொடங்கியது.

அம்பியூலன்ஸ்காரர் கேட்க வேண்டிய இன்னொன்று, கடைசியாக எப்போது நல்லா இருந்தார் என்பது. இரவு 10 மணிக்கு நல்லாப் படுத்தவருக்கு சுபஹுக்கு எழும்பும்போது கை விளங்கவில்லை என்றால், கணக்கு 10 மணியிலிருந்துதான். நமது தெருவில் ஒரு பெரியவருக்கு இப்படி நடந்தபோது, அந்தக் கேள்விக்கு வீட்டிலிருந்த நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள்.