பெயருக்கு முத்தவல்லி யார்?

மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வேப்பம்பட்டில் வாடகை அறையெடுத்துத் தங்கி, நாள்தோறும் ரயிலேறிக் காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர் சிலர் நம் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழ வருவதுண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வெள்ளியன்று அவர்களுள் ஒருவன், பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த விளையாட்டுச் சட்டை அணிந்து வந்திருந்தான். நெஞ்சின் ஒருபுறம் பாய்மரப் படகுச் சின்னம். அச்சின்னத்தின்மேல் ஓரிடத்தில் சிறு கறுப்புத் துணி ஊசிநூலால் தைக்கப்பட்டிருந்தது. கிழிசலை மறைத்திருக்கிறான் போலும் என்றெண்ணித் தொழுகைக்குப் பின் வினவினோம்.

"கிழிசல் இல்லை, ஹஜ்ரத். அந்த இடத்தில் மூன்று எழுத்து இருக்கிறது. அது எங்களுடையதல்ல" என்று உருதுவில் விடையிறுத்தான்.

சட்டையை அணிகிறான், அதிலுள்ள எழுத்தை மறைக்கிறான். இதென்ன விந்தை என்று தொடங்கிய நம் விசாரணை, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் நம்மைக் கொண்டுபோய் விட்டது. உதைபந்தாட்டத்தில் நமக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ஆயினும் இதில் அடங்கிய வழக்கு பந்தைப் பற்றியதன்று, உடைமையைப் பற்றியது. ஆதலின் வாசக நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

அச்சட்டை கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்குரியது. 1889 ஆகஸ்ட் 15ஆம் நாள் அந்நகரின் வடபகுதியில் தோன்றிய கழகம் அது. 1911 ஜூலை 29ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதியாட்டத்தில், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் குழுவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது வீழ்த்தியது. குழுவினர் பதினொருவரில் காலணி பூண்டவர் ஒருவரே; மற்றப் பதின்மரும் வெறுங்காலினர். தலைவர் சிவதாஸ் பாதுரி. மைதானத்தை எட்டிப் பார்க்க இயலாத பெருங்கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டு ஆட்டக் கணக்கை அறிவித்தனராம். அவ்வெற்றியில் முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் தம் ஹிந்துச் சகோதரர்களுக்காக நிலைகொள்ளாது மகிழ்ந்தமையை 'தி முஸல்மான்' என்னும் இதழ் பதிவு செய்தது. (நம் திருவல்லிக்கேணியில் 1927இல் பிறந்த கையெழுத்து உருது நாளேடான முசல்மானை நேயர்கள் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டா, இது கல்கத்தாவில் வெளிவந்த ஆங்கில வார இதழ்.)

அந்நகரிலேயே முஸ்லிம்களின் பெருமைக்குரியதாய் விளங்கிய முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைக் கூறாமல் அப்பாற் செல்ல நமக்கு மனம் வரவில்லை. 1891இல் நிறுவப்பெற்ற அக்கழகமே 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் குழு. 1938 வரை ஐந்தாண்டும் அப்பட்டத்தை அது பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. 1940இல் தில்லியில் டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழுவும் அதுவே. அக்குழுவின் முஹம்மத் சலீம் 1936இல் ஸ்காத்லாந்து சென்று, செல்டிக் கழகத்தின் சார்பில் கால்களில் துணி சுற்றிக்கொண்டு ஆடிய கதை தனிக் கட்டுரைக்குரியது. நம் இளைஞனிடம், "நீ முஹம்மதன் ரசிகனாக அல்லவா இருக்க வேண்டும், தம்பி?" என்றோம். "பாட்டனார் முஹம்மதன், வாப்பா மோகன் பகான், வீட்டில் தினமும் சண்டைதான்" என்று சிரித்தான். சமயவாரியாகவே மனிதர் பிரிந்து நிற்பர் என்று தூரத்திலிருந்து கணக்கிடுவோருக்கு அச்சிரிப்பே விடை.

இனி அம்மூன்று எழுத்துக்கு வருவோம். 2014இல் ஐ.எஸ்.எல். என்னும் புதிய போட்டி தொடங்கியபோது, ஸ்பெயின் நாட்டின் அத்லெத்திகோ மத்ரித் கழகத்தின் பங்குறவோடு கல்கத்தாவில் ஒரு புதுக் குழு உருவாயிற்று. 2017இல் அவ்வுறவு முறிய, அத்லெத்திகோ டி கொல்கத்தா என்னும் பெயர் சுருங்கி ஏ.டி.கே. ஆயிற்று. அதன் முதன்மை உரிமையாளர் தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்கா. பிறந்து ஆறே ஆண்டுகளில் அக்குழு மூன்று முறை கோப்பை வென்றது. ஆனால் மூதாதையர் இல்லாத வீடு அது. மோகன் பகானின் நிலையோ இதற்கு நேர்மாறு: மூதாதையர் உண்டு, முதல் இல்லை. 2019இல் ஐ.எஸ்.எல்.லே நாட்டின் முதற்படிப் போட்டி என்று ஏற்கப்பட்டதும், அதில் நுழையப் பெரும்பொருள் வேண்டிய பழங்கழகங்கள் திகைத்து நின்றன. 2020 ஜனவரியில் மோகன் பகானின் கால்பந்துக் கம்பெனியில் நூற்றுக்கு 80 பங்கை கோயங்காவின் குழுமம் வாங்கியது. எஞ்சிய 20 பங்கே கழகத்திடம் தங்கியது. அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் மோகன் பகான் ஐ-லீக் பட்டம் வென்றது. நான்கே நாள் கழித்து ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. ஜூலையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெயர் சூட்டப்பட்டது: ஏ.டி.கே. மோகன் பகான். பச்சையும் அரக்கும் தங்கின, படகும் தங்கியது, படகின் அருகே அம்மூன்று எழுத்தும் வந்து அமர்ந்தன.

இதற்கு முன்பும் முதலாளியின் பெயர் அக்கழகத்தோடு ஒட்டியதுண்டு. 1998இல் மது உற்பத்திக் குழுமம் ஒன்று மோகன் பகானிலும், அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலிலும் ஒருங்கே பங்கு கொண்டது. ஒன்று மெக்டொவல் மோகன் பகான். மற்றொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். போட்டியாளர் இருவருக்கும் படியளக்கும் கை ஒன்றே! சாராயப் பெயரைச் சுமந்ததில் நமக்குள்ள அருவருப்பை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அன்று எழாத கிளர்ச்சி 2020இல் ஏன் எழுந்தது? அதை விளம்பரப் பலகையாக மக்கள் கொண்டனர். சுவரில் மாட்டிய பலகையை என்றேனும் கழற்றிவிடலாம். ஏ.டி.கே.யோ அதே நகரில் நேற்றுவரை எதிர்நின்ற வேறொரு குழுவின் பெயர். பலகை வேறு, பட்டா வேறு அல்லவா?

பிணிக்காலமாதலின் முதலாண்டு ஆட்டங்கள் யாவும் பார்வையாளரின்றிக் கோவாவில் நடந்தேறின. ரசிகர்கள் குரலெழுப்ப அரங்கும் இல்லை. எனவே கழகத்தின் வாயிலிலும் வீதியிலும் பதாகை ஏந்தினர், 'ஏ.டி.கே.யை நீக்குக' என்பதே முழக்கம். அரங்கின் கதவுகள் திறந்த பின்னரோ அவர்களுக்குள்ளேயே பிளவு மூண்டது. பெயர் நீங்கும்வரை நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை என்றனர் ஒரு சாரார். காலி இருக்கையைக் கண்டு கலங்குபவர் ஆட்டக்காரரேயன்றி முதலாளி அல்லர் என்றனர் மறுசாரார். முன்னவர் வெளியே நின்றனர்; பின்னவர் உள்ளே சென்று, பந்து வலைக்குள் புகும்போதெல்லாம் ஆர்ப்பரித்து, அடுத்த நொடியே உரிமையாளருக்கு எதிரான பதாகையைத் தூக்கிப் பிடித்தனர்.

நம் தீர்ப்பு இரண்டாம் சாராருக்கே சாதகமானது. அதற்குச் சொல்லாராய்ச்சி ஒன்றும் துணை நிற்கிறது. தமிழில் ரசிகன் என்கிறோம். சுவைப்பவன் என்பது பொருள். சுவை கெட்டால் இலையை மடித்து எழுந்து போகலாம். அரபியர் வழங்கும் சொல் முஷஜ்ஜிஃ. ஷஜாஅத் என்றால் வீரம். பிறருக்கு வீரமூட்டுபவன் முஷஜ்ஜிஃ. களத்தில் நிற்பவனை விட்டு அவன் எழுந்து போவதெப்படி?

எதிர்ப்பு என்றும் ஒரே திசையில் பாய்வதில்லை என்பதையும் கூற வேண்டும். 2021 ஜூலை 21ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் வாயிலில் திரண்ட ரசிகர் பலர், முதலீட்டாளரான சிமெண்ட் நிறுவனத்தை எதிர்க்கவில்லை. அந்நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்த தம் கழக நிர்வாகிகளையே எதிர்த்தனர். நிர்வாகிகளின் ஆதரவாளரும் அங்கே கூடவே கைகலப்பு மூண்டது. காவலரின் தடியடியில் முடிந்தது. கழகத்தின் மானம் காக்கிறோம் என்றே இருதரப்பும் சொல்லிக்கொண்டன.

கடல் கடந்தும் இவ்வழக்கு உண்டு. அதில் குற்றம் சாட்டப்பெற்ற உரிமையாளர் நம் நாட்டவர். குஜராத்தி முஸ்லிம்கள் கணிசமாகக் குடியேறிய இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத்துக் கழகத்தை, 2010 நவம்பரில் பூனாவின் கோழிப்பண்ணைக் குழுமமான வெங்கீஸ் வாங்கியது. 1995இல் நாட்டின் முதற்பட்டம் வென்ற கழகம் அது. 2012 மே மாதம் விகன் அணியிடம் தோற்று முதற்படியினின்று அது கீழிறங்கிய அந்த ஆட்டத்தின்போதே, ரசிகர் ஒருவர் கழகக் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழியை மைதானத்தில் விட்டார். சிரிப்புக்கிடமானதுதான், ஆனால் ஊரின் கண்ணீரும் அதில் இருந்தது. ஐந்தாண்டு கழித்து அக்கழகம் மூன்றாம் படிக்கும் சரிந்தது. விளையாட்டில் பணம் போடுவது வேறு. ஓர் ஊரின் நினைவை ஏற்று நடத்துவது வேறு.

இவ்விடத்தில் நாம் ஓதிய ஃபிக்ஹு குறுக்கே வந்து நிற்கிறது. வக்ஃபாகிவிட்ட நிலத்தை விற்பதற்கில்லை, வாரிசுகள் பங்கிடுவதற்குமில்லை. முத்தவல்லி அதன் பராமரிப்பாளர், உடைமையாளர் அல்லர். கால்பந்துக் கழகம் வக்ஃபு அன்று என்பதை நாம் அறிவோம். கம்பெனிச் சட்டத்தின்படி 80 பங்கு 80 பங்குதான். கோயங்கா எதையும் திருடவில்லை, கேட்ட விலைக்கு வாங்கினார். விற்றவர் கழகத்தாரே. இதைச் சில ரசிகர் வசதியாக மறந்தனர் என்பது நம் கருத்து. எனினும் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை விற்கலாம். 1911இல் பத்து இணை வெறுங்கால்கள் ஈட்டிய பெயரை விற்பவருக்கு அது எப்போது சொந்தமாயிருந்தது? இக்கேள்விக்குக் கம்பெனிச் சட்டத்தில் விடையில்லை. ஆகவேதான் அது தெருவுக்கு வந்தது.

2023 மார்ச் 18ஆம் நாள் கோவாவில் பெங்களூரு அணியைப் பெனால்ட்டி உதைகளில் வீழ்த்திக் கோப்பை கைக்கு வந்த அந்த இரவிலேயே, அடுத்த பருவம் முதல் ஏ.டி.கே. என்னும் பெயர் இராது என்று கோயங்கா அறிவித்தார். ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் முன்னே இருந்தது போய்ப் பின்னே ஒன்று ஒட்டிக்கொண்டது: மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட். லக்னோவில் அவர் நடத்தும் கிரிக்கெட் குழுவுக்கும் ஏறத்தாழ அப்பெயரே. நம் இளைஞன் கறுப்புத் துணியைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதுச் சட்டை வாங்கியிருந்தான். "பாதி வெற்றி, ஹஜ்ரத்" என்றான்.

அதன்பின் வெற்றிகள் குவிந்தன என்பதை மறைப்பது நியாயமாகாது. 2024இலும் 2025இலும் தொடர்ந்து லீக் கேடயத்தை அக்குழுவே வென்றது. அவ்விதம் தொடர்ந்து வென்ற குழு அதற்குமுன் இல்லை. 2025 ஏப்ரல் 12ஆம் நாள் சால்ட் லேக் அரங்கில் கோப்பைக்கான இறுதியாட்டம். இஷாத் தொழுகை முடிந்து நாம் வெளிவந்தபோது, எதிர்த்த தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து, கைப்பேசியில் அவன் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நாமும் அருகே அமர்ந்தோம். ஒன்றுக்கொன்று சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. மக்லாரன் என்னும் ஆஸ்திரேலியர் வெற்றிக்கான கோலை அடித்தபோது அவன் துள்ளியதில் பலகையே ஆடிற்று, கடைக்காரர் அதட்டினார். ஆட்டம் முடிந்தது, பரிசளிப்பு மேடையில் கோட்டணிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய்க் கூடலாயினர். அவன் கைப்பேசியை முழங்காலில் கவிழ்த்து வைத்தான்.

"ஹஜ்ரத், டீ சொல்லட்டுமா?"