சிறுநீர் அடக்கமின்மை (மகளிர்): ஆகாரமும் அப்பியாசமும்

மூத்திரப்பையில் சேர்ந்த நீரை, உரிய இடமும் வேளையும் வாய்க்கும்வரை நிறுத்திவைக்கும் சக்தி குன்றி, அது இச்சையின்றிக் கசிதலே சிறுநீர் அடக்கமின்மை எனப்படும். இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றின் அழுத்தம் மிகும்போது கசிவது ஒரு வகை. பை தானே சுருங்குவதால் அவசரம் தாளாமற் கழிவது மற்றொரு வகை. இரண்டும் கலந்து வருதலும் உண்டு.

மூத்திரப்பையைத் தாங்கிக் கசிவைத் தடுக்கும் இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தால் தளர்ந்தால், அவற்றை அறுவையின்றியே வலுப்படுத்தலாம் என்னும் உண்மையை, இங்கிலாந்தில் நாட்டியக் கலைஞர் மார்கரெட் மாரிஸ் 1930களிலேயே ஒருவாறு போதித்திருந்தாராயினும், அதனைச் சாஸ்திர முறையில் நிலைநாட்டிய பெருமை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஸ்திரீ ரோக வைத்தியர் ஆர்னால்ட் கெகலையே சாரும். தசையைச் சுருக்கச் சொன்னால் வயிற்றையும் தொடையையும் இறுக்கிவிட்டு, வேண்டிய தசையை அசைக்கவே அறியாத பெண்கள் பலர் என்பதைக் கண்ட அவர், யோனியினுள் வைக்கும் காற்றறையை அழுத்தமானியுடன் இணைத்து ஒரு கருவி அமைத்தார். தன் முயற்சியின் அளவை முள்ளின் அசைவில் நோயாளி தானே கண்டு தேறினாள். 1948இல் வெளியான அவரது கட்டுரைக்குப் பின் இவ்வப்பியாசம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. வைத்தியர் கத்தியினும் நோயாளியின் விடாமுயற்சியை நம்பிய இம்முறையை, குறைந்தது மூன்று மாதமாவது நாள்தோறும் அனுஷ்டித்தல் வேண்டும்.

ஆகாரத்தைப் பொறுத்தவரை, காப்பியும் தேநீரும் மதுவும் நீர்ப்பெருக்கை உண்டாக்குவதோடு அவசரத்தையும் தூண்டவல்லன ஆதலின், அவற்றைச் சுருக்குதல் நன்று. கசிவுக்கு அஞ்சித் தண்ணீரையே குறைப்பது பேதைமை. நீர் செறிந்து பையை உறுத்துவதுடன் மலச்சிக்கலும் நேர, முக்குதலால் இடுப்புத்தளம் மேலும் தளரும். புகைபிடிப்போரின் ஓயாத இருமலும் அத்தகையதே.

ஸ்தூல சரீரம் பையின்மீது இடையறாது பாரம் ஏற்றுகிறது. அமெரிக்காவில் உடற்பருமனுடைய 338 பெண்களிடையே நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டாலும் தேகப்பயிற்சியாலும் ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்கு 8 பங்கு குறைத்தோருக்கு வாரக் கசிவு 47 சதவீதம் தணிந்தது; அறிவுரை மட்டும் பெற்றோருக்கோ 28 சதவீதமே.

கழிக்கும் இடைவேளையைச் சிறிது சிறிதாக நீட்டும் பழக்கமும், மாத்திரைகளும், நாடா பொருத்தும் அறுவையும் இக்காலத்து வழக்கில் உள்ளன.