அகமதாபாத்: ஒரு வெப்ப அலையும் அதன் பிறகும்

சபர்மதி ஆற்றங்கரையில் உள்ள அகமதாபாத்தில் ஏப்ரல், மே மாதங்களே கடும் கோடை. ஜூன் நடுவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்வரை ராஜஸ்தான் பக்கமிருந்து அனல்காற்று வீசும். 1916 மே 27 அன்று அங்கு 47.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அடுத்த நூறாண்டு எந்த நாளும் அந்த அளவை எட்டவில்லை.

1411இல் உருவான பழைய நகரம் வெயிலுக்கு ஏற்றவாறே வளர்ந்தது. 'போள்' எனப்படும் குடியிருப்புகளில் சந்துகள் மிகக் குறுகலானவை. எதிரெதிர் வீடுகளின் நிழல் தெருவில் விழும். பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் தொட்டி கட்டி மழைநீரைச் சேமித்தார்கள். நகருக்கு வடக்கே, 1499இல் கட்டப்பட்ட அடாலஜ் படிக்கிணறு ஐந்து அடுக்கு ஆழமுள்ளது. வழிப்போக்கர்கள் உள்ளே இறங்கி இளைப்பாறினர். சாலையோரங்களில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது தர்மமாகக் கருதப்பட்டது.

பஞ்சாலைகள் பெருகியபோது நகரம் ஆற்றின் இருபுறமும் விரிந்தது. பின்னர் ஆலைகள் மூடப்பட, வேலையிழந்த பலர் தெருவோர வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். குடிசைப் பகுதிகளில் தகரமும் கல்நார் ஓடுமே கூரையாயின. பகலில் காயும் அந்தக் கூரைகளால் வீட்டுக்குள் இருந்தாலும் புழுக்கம் தணிவதில்லை.

2010 மே மாதத்தில் இந்த நிலைமையின் விளைவு தெரிந்தது. 21ஆம் தேதி வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. சாதாரண நாட்களில் நகரில் சுமார் நூறு பேர் இறப்பார்கள்; அன்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெயிலால் இறந்தவர்களில் பெரும்பாலோரின் சான்றிதழில் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவையே காரணமாக எழுதப்படும். எனவே ஆய்வாளர்கள் அந்த மாதத்தின் எல்லா மரணங்களையும் 2009, 2011 மே மாதங்களுடன் ஒப்பிட்டனர். 1,344 மரணங்கள் கூடுதலாக இருந்தன.

மாநகராட்சியும் காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தனர். தெற்காசியாவில் அதுவே முதலாவது. வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. எச்சரிக்கை வந்ததும் மருத்துவமனைகள் பனிக்கட்டிப் பைகளையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் தயார் நிலையில் வைக்கின்றன. பூங்காக்கள் பகலிலும் திறந்திருக்கின்றன.

சாரதாபென் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. வெளியே 42 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும், வெப்பப் பாதிப்போடு சேர்க்கப்படும் குழந்தைகள் 43 விழுக்காடு கூடியதை மருத்துவர்கள் கண்டார்கள். பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றிய பின் அந்தப் பாதிப்பு 64 விழுக்காடு குறைந்தது. 2017இல் ஏழைகளின் ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் தொடங்கியது.

2016 மே 20 அன்று வெப்பம் 48 டிகிரிக்கு ஏறி, 1916இன் உச்சத்தை முறியடித்தது. செயல்திட்டம் வந்த பின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிற நகரங்களும் மாநிலங்களும் இதே முறையைப் பின்பற்றித் தங்கள் திட்டங்களை வகுத்தன. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் நடுப்பகலில் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலியை இழப்பவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. அவர்களுக்கான இழப்பீடு பெரும்பாலான திட்டங்களில் இன்னும் இடம்பெறவில்லை.