கடல் கடந்து வந்த கல்வித் தருமம்

தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு பிள்ளையின் படிப்புக்காகத் தூரதேசத்தார் ஒருவர் தம் உழைப்பின் பங்கை ஈவது மேலான தருமம். அத்தகைய தருமமொன்று யாழ்ப்பாணத்தில் எவ்வாறு நடைபெற்றது, எவ்விடத்தில் தளர்ந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். வாங்கும் கையாக இருந்த எமது சமூகம் இன்று கொடுக்கும் கையாகவும் மாறியிருத்தலின், அவ்வரலாறு எமக்குப் பெரிதும் பயன்படும்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்தில் 1810ஆம் ஆண்டு பிறநாட்டு மிசன் சபையொன்று நிறுவப்பெற்றது. அதன் பாதிரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களைப் புதுக்கிக் குடியேறினர். கிராமங்கள்தோறும் இலவசப் பாடசாலைகள் எழுந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையும் தோன்றின.

இவற்றுக்கான பணம் செல்வந்தர் சிலரிடமிருந்து மாத்திரம் வந்ததன்று. அமெரிக்கச் சிற்றூர்களின் தேவாலயங்களிலும் மாதர் சங்கங்களிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த காசும் அதிலே கலந்திருந்தது. விடுதியில் வாழ்ந்த பிள்ளையொன்றின் உணவு, உடை, படிப்பு ஆகியவற்றின் செலவை அங்குள்ள ஒருவரோ ஒரு சங்கமோ ஏற்பதுண்டு. அவ்வாறு ஏற்றவர் விரும்பிய பெயர் இங்குள்ள பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. பழைய மாணவர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களோடு அமெரிக்கப் பெயர்கள் இணைந்து கிடப்பதன் காரணம் இதுவே.

விளைந்த பயனை நாம் மறைத்தல் நன்றியன்று. கணிதமும் வானசாத்திரமும் தமிழும் ஆங்கிலமும் அச்செமினரியிலே பயிற்றப்பட்டன. 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகை வெளிவந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்களே. தொல்காப்பிய உரைகளும் கலித்தொகையும் அச்சேறத் தாமோதரம்பிள்ளை பட்ட பாட்டைத் தமிழுலகம் அறியும்.

ஆயினும் அத்தருமத்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, அதன் வேர் இந்த மண்ணில் இல்லாமை. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் தளர்ந்து பணமுடை உண்டானபோது, சபை தன் செலவைக் குறைத்தது. அங்கு நேர்ந்த நட்டத்தால் இங்கே பல கிராமப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துவிட்டு வீடு திரும்பிய சிறுவர், தாம் செய்த குற்றம் யாதென்று அறிந்திருக்கமாட்டார்கள். 1855இல் செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பிரசங்கிகளைவிட உத்தியோகத்தர்களையே மிகுதியாக உண்டாக்குகிறது என்பது மிசன் தலைமையின் கருத்து. எம்மவர் அதை விரும்பினரா, வெறுத்தனரா என்பது அம்முடிவைத் தடுக்கவில்லை.

இரண்டாவது, கல்வியோடு மதமாற்ற நோக்கமும் இணைந்து வந்தமை. வெசிலியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1848இல் அதனை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் பாதிரிமாரை வைதுகொண்டு வாளாவிருந்தாரல்லர். வகுப்புமுறை, அச்சியந்திரம், பாலபாடம் என்னும் அவர்களுடைய கருவிகளையே கையாண்டார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் அவ்வழியில் எழுந்தன.

இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வோர் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். எம்மவர் பாடசாலைகள் பலவற்றின் வாயில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கப்படவில்லை. சம ஆசனம் அளிப்பதற்கே 1930ஆம் ஆண்டளவில் பெருங் கலகம் விளைந்தது. அந்நியர் விதித்த நிபந்தனையைக் குறைகூறும் நாம், எம்மவர் விதித்த நிபந்தனையை மறைத்தல் நீதியாகாது.

இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவர், பழைய மாணவர் சங்கங்கள் மூலம் தம் ஊர்ப் பாடசாலைகளுக்குப் பொருள் அனுப்புகின்றனர். மண்டபங்கள் எழுகின்றன, மாணவர்க்குப் புலமைப்பணம் கிடைக்கின்றது. மனமார வாழ்த்துகிறோம். ஆனால் கொடுப்போரின் பெயர் சுவரிற் பொறிக்கப்படுமுன், அவ்வூர் ஆசிரியரையும் பெற்றாரையும் நோக்கி, “உங்களுக்கு வேண்டியது யாது?” என ஒருவார்த்தை கேட்கப்பட்டதா? பெயர்பெற்ற கல்லூரிக்குச் செல்லும் பணத்தில் ஒரு பங்காவது, பழைய மாணவர் சங்கமே இல்லாத வன்னிக் கிராமப் பள்ளிக்குச் செல்கின்றதா? அனுப்புவோர் கை தளர்ந்தால், அப்பணி தொடர ஊரில் ஒரு நிதியும் ஒரு குழுவும் உண்டா?

இளைஞர்களே, இவ்வினாக்களுக்கு விடை காண்பது உங்கள் கடமை. பெரியோர்களே, அவர்களுக்குத் துணைநிற்பது உங்கள் கடமை. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைப் பொதுப்பணிக்கென எடுத்து வைத்த தாய்மார் வாழ்ந்த நாடு இது. கடல் கடந்து வரும் உதவியை நன்றியுடன் ஏற்போம். எம் ஊரிலிருந்தும் ஒரு பிடி அதனோடு சேரட்டும். 1837இல் வீடு திரும்பிய சிறுவர்களின் நிலை இனியொரு பிள்ளைக்கும் வாராதிருக்க, அந்த ஒரு பிடியே காப்பாகும்.